சுகம் பெற்றவரின் கால்

வெள்ளவத்தை
11.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கையெழுத்தைக் கண்டதும் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். கிழித்துப் போடுவதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழி. அம்மாவின் செத்த வீட்டுக்குப் பிறகு உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அதற்கு முந்தியும் கடிதம் எழுதியதில்லை, போன் இருந்ததே. இப்போது போன் இல்லை. ஏன் என்று சொன்னால் சிரிப்பாய்.

எங்கள் சபையில் வருடத் தொடக்கத்தில் விக்கிரக ஞாயிறு என்று ஒன்று வைக்கிறோம். ஆண்டவரைவிட அதிகமாக எதை நேசிக்கிறோமோ அதைக் கொண்டுவந்து மேடைக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். ஒரு வருடம் எல்லோரும் நகை வைத்தார்கள். ஒரு வருடம் ஒரு பெண் செத்துப்போன தன் பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அது இன்னமும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இந்த வருடம் போன். "கையிலே தூக்கித் திரியிற சிலை" என்று இவர் பிரசங்கம் பண்ணினார். பாஸ்டர் வீட்டிலிருந்துதானே தொடங்க வேண்டும், என்னுடையதை முதலில் வைத்தேன். எல்லாம் மூப்பர் உமாசுதனின் இரும்பு அலுமாரிக்குள் இருக்கின்றன, ஆராதனையை நேரலையில் போடுகிற இரண்டு போன்களைத் தவிர.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவருக்குச் சீனி வருத்தம் மாறவில்லை, அண்ணா.

பாஸ்டர் கிருபாகரன் சீனி வருத்தத்திலிருந்து சுகம் பெற்றார் என்ற சாட்சியில்தான் இந்தச் சபையே எழும்பியது. அந்தச் சாட்சி பொய்யில்லை. அந்த நேரம் உண்மையாகவே சீனி இறங்கி, குளிசை இல்லாமல் இரண்டு வருடம் நன்றாக இருந்தார். பிறகு திரும்பி வந்தது. திரும்பி வந்ததைச் சபைக்குச் சொல்ல ஒரு ஞாயிறும் வாய்க்கவில்லை. முதலில் குளிசை, இப்போது சில வருடமாக ஊசி. எல்லாம் அறைக் கதவைப் பூட்டிவிட்டு நான்தான் போட்டுவிடுகிறேன். இரகசியமாக எழுதித் தந்த டொக்டர் கனடாவுக்குப் போய்விட்டார். வெள்ளவத்தையில் எந்த பாமசிக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் "தோத்திரம் பாஸ்டரம்மா" என்று கொண்டு நிற்கிறார்கள்.

அம்மா இருக்கும்போதே நீயும் ஊசி போடத் தொடங்கிவிட்டாய். உன் ஃபிரிட்ஜில் இருக்கும். ஒன்றிரண்டு இன்சுலின் குப்பி தர முடியுமா? இதைக் கொண்டுவருகிற பௌஸி மாளிகாவத்தை ஆள், ஓட்டோ ஓடுகிறார். ஒன்றும் கேட்கமாட்டார். ஐஸ் போட்ட ஃபிளாஸ்க் அவரிடம் இருக்கிறது.

இவருக்குக் காலில் சின்ன விரலில் ஒரு காயமும் உண்டு. பெரிதாக ஒன்றுமில்லை.

உன் தங்கச்சி,
ஜெசிந்தா


கொட்டாஞ்சேனை
12.02.2025

ஜெசிந்தா,

'அன்புள்ள' என்று போட்டுப் பார்த்தேன், பேனை ஓடவில்லை. அதனால் வெறுமனே தொடங்குகிறேன்.

அம்மாவின் பெட்டிக்குத் தலைமாட்டில் அந்தோனியார் சுரூபம் இருந்தது. உன் புருஷன் அத்தனை சனத்துக்கும் முன்னால், "அந்த மண் பொம்மையை எடுத்தால்தான் நான் ஜெபிப்பன்" என்றார். நான் அவருக்கு வாசலைக் காட்டினேன். நீ அவருக்குப் பின்னால் போனாய். அம்மாவின் குழியில் ஒரு பிடி மண் போட உனக்குக் கை வரவில்லை. ஆறு வருடம் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் மனுசி றொசானா சொல்லுவாள், "விடுங்களன், தங்கச்சிதானே" என்று. அவளுக்கென்ன, அவளுடைய தாய் உயிரோடு இருக்கிறா.

இப்போது மண் பொம்மையைக் கும்பிடுகிறவனுடைய ஃபிரிட்ஜிலிருந்துதான் உன் தேவமனிதருக்கு மருந்து போக வேண்டும். இதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன் என்று எழுத ஆசை. சிரிப்பு வரவில்லை.

இரண்டு குப்பி அனுப்புகிறேன். என்னுடைய கிளினிக் நாள் வரும்வரை நான் எப்படியாவது சமாளிப்பேன்.

காயத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறாய். எனக்கும் இந்த வருத்தம்தான், ஜெசி. சின்ன விரல் காயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்களோடு துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவருக்கு ஆணி குத்தினதை வைத்து முழங்காலோடு எடுத்தார்கள். விரல் என்ன நிறம்? பதில் எழுது. எழுதுவதைவிட நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பாஸ்டர் என்றால் என்ன, மனுசன்தானே.

ஒஸ்வால்ட்


வெள்ளவத்தை
24.02.2025

அன்புள்ள அண்ணா,

நிறம் கேட்டிருந்தாய். இத்தனை நாள் எழுதாமல் இருந்தது அதனால்தான். கறுப்பு. பக்கத்து விரலும் நிறம் மாறிக்கொண்டு வருகிறது.

இவர் சுகமான நாளை ஒவ்வொரு மார்ச்சிலும் சாட்சி நாள் என்று கொண்டாடுவோம். இந்த முறை அதற்கென்று லண்டனில் இருக்கிற விசுவாசிகள் ஒரு சோடி சப்பாத்து அனுப்பினார்கள். மினுக்கம் என்றால் அப்படியொரு மினுக்கம். அளவு சின்னது. அன்பாகக் கொடுத்ததை வேண்டாமென்று சொல்ல மனமில்லாமல் போட்டார். மரத்துப்போன காலுக்குச் சப்பாத்துக் கடிப்பது எங்கே தெரியப் போகிறது? கழற்றும்போது காலுறை இரத்தத்தோடு ஒட்டியிருந்தது. இன்னமும் அதே சப்பாத்தோடுதான் மேடை ஏறுகிறார். ஆராதனை முடிந்ததும் சிலர் வரிசையில் வந்து குனிந்து, அந்தச் சப்பாத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். முந்தி இவர் விடமாட்டார். "எழும்புங்கோ, எழும்புங்கோ, நான் ஆர்?" என்று கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார். எந்த வருடம் அதைச் சொல்லாமல் விட்டார் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு நினைவில்லை.

மணம் வரத் தொடங்கியதும் பௌஸியிடம் சொல்லி அத்தர் வாங்கினேன். கட்டுத்துணியைச் சுற்றிப் பூசி விடுகிறேன். போன ஞாயிறு முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள், "அபிஷேக வாசனை வீசுது" என்று. எனக்கு ஓடிப்போய்ச் சத்தியெடுக்க வேண்டும்போல இருந்தது. நானும் கையை உயர்த்திப் பாடினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கிருலப்பனையிலிருந்து வருகிற யதுஷா என்ற பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே சீனி பிடித்து, இப்போது ஊசியில் இருக்கிறாள். பட்டப்படிப்பு முடிக்கப் போகிறவள், கெட்டிக்காரி. சாட்சி நாளில் தன் ஊசியைக் கொண்டுவந்து மேடைக்கு முன்னால் வைக்கப் போகிறாளாம். "ஊசிதான் அம்மா என்ர விக்கிரகம். பாஸ்டர் விட்டவர்தானே, நானும் விடுறன்" என்கிறாள். இவரிடம் வந்து சொன்னேன்.

"நான் அவளுக்கு அப்பிடிச் சொல்லேல்லையே" என்றார்.

"வேண்டாமெண்டும் சொல்லேல்லை" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரி என்ற சொல்லை எடுத்தால், "சாட்சி நாள் முடியட்டும்" என்கிறார். வாட்டுக்குள் இவரைக் கட்டிலில் கண்டால் அத்தனை பேரின் விசுவாசமும் போய்விடும் என்று உண்மையாகவே நம்புகிறார். எனக்கும் சில வேளை அப்படித்தான் தோன்றுகிறது. இன்னும் இரண்டு குப்பி வேண்டும், அண்ணா.

ஜெசி


கொட்டாஞ்சேனை
03.03.2025

ஜெசி,

நேற்று நான் உங்கள் மண்டபத்துக்கு வந்திருந்தேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால். வாசலில் ஒருவர் கையைப் பிடித்து, "வாங்கோ அங்கிள், போனைத் தந்திட்டுப் போங்கோ" என்றார். கொடுத்தேன். உள்ளே போனால் உன் புருஷனின் முகம் திரையில் ஒரு வீட்டுச் சுவர் அளவில் தெரிகிறது.

ஆண்டவர் பெயரைச் சொன்னபோது சனம் கைதட்டியது. உன் புருஷன் படியேறியபோது எழுந்து நின்று அழுதது. எங்கே சத்தம் கூட, எங்கே குறைய என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் சரக்குச் சரிபார்த்துப் பழகின கண், வேறென்ன செய்யும்? அவர் இறங்கிப் போன பிறகும் அவருடைய வெறும் கதிரைக்கு முன்னால் முழந்தாளில் நின்றார்கள். எங்களை மண் பொம்மைக்காரர் என்றவர்கள் இவர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், கொச்சிக்கடையில் நிற்கிற அந்தோனியாருக்கு ஒரு நாளும் கால் அழுகாது.

அவர் விழுவதைப் பார்க்கத்தான் வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மேடையில் அந்தக் காலை ஊன்றும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் காய்ச்சல் வியர்வை. சனத்தைப் பார்த்துச் சிரிக்கிறார், கண் மட்டும் வாசலைப் பார்க்கிறது. பயந்துபோன மனுசன். எனக்கு அந்த இடத்தில் கோபம் கொஞ்சம் தளர்ந்துபோனது.

வியாழன் காலை பத்து மணிக்கு வான் ஒன்று பிடித்துக்கொண்டு உங்கள் பின்பக்க ஒழுங்கையில் நிற்பேன். மேல்வீட்டிலிருந்து அவரைப் பின்படியால் இறக்கிக் கொண்டு வா. கொலன்னாவைப் பக்கம் ஒரு சின்ன நேர்சிங் ஹோம் இருக்கிறது, உங்கள் ஆட்கள் ஒருவரும் அந்தப் பக்கம் இல்லை. விரலை எடுப்பார்கள். இரண்டு விரல் போனால் போகட்டும், ஆள் மிஞ்சுவார். குப்பியும் அனுப்பியிருக்கிறேன். வியாழன் வரைக்கும்தான் அது.

ஒஸ்வால்ட்


வெள்ளவத்தை
07.03.2025

அண்ணா,

ஹோர்ன் கேட்டது. மூன்று தரம் அடித்தாய். மூன்றும் கேட்டது.

அவர் சம்மதித்திருந்தார், அதை நீ நம்ப வேண்டும். புதன் பின்னேரம் "எனக்கு இனி ஏலாது ஜெசி, எங்கயெண்டாலும் கொண்டு போ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வியாழன் காலையில் பழைய சாரத்தை உடுத்து, பழைய செருப்பைப் போட்டார். என் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு படியில் காலை வைக்கிறார், கீழேயிருந்து உமாசுதன் ஏறி வருகிறார். பின்னால் ஏழெட்டுப் பேர். சாட்சி நாளுக்கு உபவாசம் தொடங்குகிறார்கள், பாஸ்டர் கையால் எண்ணெய் பூசிக்கொள்ள வந்திருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை. தற்செயல்தான்.

"எங்க பாஸ்டர், வெளிக்கிட்டிட்டீங்கள்?" என்று உமாசுதன் கேட்டார். சும்மாதான் கேட்டார்.

இவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். நிமிர்ந்தார். "உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார். பிறகு கைப்பிடியையும் பிடிக்காமல், அந்தக் காலை முழுக்க ஊன்றி, படியிறங்கி மண்டபத்துக்கு நடந்தார். அவர்கள் பாடிக்கொண்டு பின்னால் போனார்கள். அவர் கால் வைத்த படிகளில் புண்ணின் ஈரம் இருந்தது, நான் துணி எடுத்துத் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உன்னுடைய மூன்றாவது ஹோர்ன்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், விலகுங்கோ என்று. நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவர் நிமிர்ந்த விதத்தைக் கண்டபோது எனக்கு, எழுத வெட்கமாக இருக்கிறது, பெருமையாக இருந்தது.

ஊசி முடிந்துவிட்டது. பௌஸியிடம் ஃபிளாஸ்க் கொடுத்து விட்டிருக்கிறேன்.

ஜெசி


கொட்டாஞ்சேனை
09.03.2025

ஜெசி,

ஃபிளாஸ்க்கை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிறேன்.

றொசானாவோடு சண்டை பிடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "அனுப்புங்கோ, பாவம்" என்கிறாள். நான் இதுவரை அனுப்பியதெல்லாம் உன் புருஷனுக்கென்று நினைத்திருந்தேன். இல்லை, அந்த மேடைக்குத்தான் போயிருக்கிறது. என் மருந்தில் அவர் நிமிர்ந்து நிற்பார், அதைப் பார்த்து அந்தக் கிருலப்பனைப் பிள்ளை தன் மருந்தை விடுவாள். இதற்கு இனி நான் கை கொடுக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறது. எப்போது கேட்டாலும் வானோடு வருவேன், முன்வாசலுக்கு வருவேன். மருந்து மட்டும் இல்லை. கல்நெஞ்சன் என்று நினைப்பாய், நினைத்துக்கொள். கணவனை அசைக்க முடியாவிட்டால் அந்தப் பிள்ளையையாவது தடு.

ஒஸ்வால்ட்


வெள்ளவத்தை
25.03.2025

அண்ணா,

இவரை அடக்கம் பண்ணிய அன்று நீ கேற்றுக்கு வெளியே நின்றதைக் கண்டேன். உள்ளே வராமல் விட்டது நல்லது. பொலிஸுக்குச் சொன்னது நீதான் என்று எனக்குத் தெரியும். இங்கே என்னைச் சந்தேகிக்கிறார்கள். சந்தேகிக்கட்டும்.

நடந்ததை உனக்கு வேறு யார் சொல்லப் போகிறார்கள்? சாட்சி நாளன்று கதிரையில் இருந்தபடியே பிரசங்கித்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. அக்கினி இறங்கியிருக்கிறது என்றார்கள். யதுஷா வந்து ஊசியை வைத்தாள். நான் இவர் காதுக்குள் குனிந்து, "தடுங்கோ, இப்பவாவது தடுங்கோ" என்றேன். மைக் முன்னால்தான் இருந்தது. வாயைத் திறந்தார். அவளைப் பார்த்தார். சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். "ஆமென்" என்றார். சபையில் அவர் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

புதன் மத்தியானம் போய்விட்டார். போகும்போது என்னைத் தெரியவில்லை, தன்னுடைய தாயைக் கூப்பிட்டார். உடனே உடலைக் கீழே மண்டபத்துக்குக் கொண்டு போனார்கள். எழும்புவாராம். ஏசியைக் கூட்டி, கதவைப் பூட்டி, வெள்ளி வரை பாடினார்கள். நானும் உள்ளேதான் இருந்தேன். இரண்டாம் நாள் நானும் அவர் கை விரல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணா. அந்தக் காலைத் தினமும் கழுவிக் கட்டின நான், அவர் எழும்புவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொலிஸ் வந்து கதவைத் தட்டியபோது எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது.

நீ ஊசியை நிறுத்தியதால்தான் போனார் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டிருப்பாய். அப்படியே இருக்கட்டும் என்று விட மனம் வந்தது. ஆனாலும் சொல்கிறேன். காலிலிருந்த கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டதாம், ஊசி இருந்திருந்தாலும் மிஞ்சியிருக்க மாட்டார் என்று பிரேதப் பரிசோதனை செய்த டொக்டர் சொன்னார். அந்த வியாழக்கிழமை வந்திருந்தால் மிஞ்சியிருப்பாராம்.

வெற்றுக் குப்பிகளை உமாசுதன் கண்டுபிடித்துவிட்டார். நேற்று மூப்பர்கள் எல்லோரும் வந்து இருந்தார்கள். கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் கதைத்தார்கள். "பாஸ்டருக்குத் தெரியாமல், அவர் நித்திரையில இருக்கேக்க நீங்கள் ஊசி போட்டீங்கள். உங்கட அவிசுவாசம்தான் அவரைக் கொண்டு போனது. ஞாயிறு நினைவு ஆராதனையில அதைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கோ அம்மா. சபை உங்களை மன்னிக்கும். பாஸ்டரின்ர சாட்சி நிக்கும்" என்றார் உமாசுதன்.

சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். பழி எனக்கு, பெயர் அவருக்கு. அவர் பெயரைத் தவிர எனக்கென்று வேறென்ன மிஞ்சியிருக்கிறது?

ஜெசி


கொட்டாஞ்சேனை
27.03.2025

அன்புள்ள ஜெசி,

சொல்லாதே.

உன் கடிதத்தை நானும் றொசானாவும் மாறி மாறி வாசித்தோம். புருஷன் பெயரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாய். யதுஷா ஊசியை வைத்தாள் என்பதோடு அவள் கதை நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள்? உயிரோடு இருக்கிறாளா? நீ அவர்கள் கேட்டபடி சொன்னால், பாஸ்டர் மருந்தில்லாமல் இருந்தவர் என்றுதானே அவள் கடைசிவரை நம்பப் போகிறாள்? கிருபாகரனுக்கு இனி ஒன்றும் நோகாது, ஜெசி. நோகப் போவது அவளுக்கு.

உன்னைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்குப் போகிறவன் நான். இந்த ஒரு மாதமும் அந்தோனியாருக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு நான் கேட்டது, உன் புருஷன் சுகமாக வேண்டும் என்றல்ல. சனம் பார்க்க விழ வேண்டும் என்று. அவர் செத்த செய்தி வந்த அன்று கோயிலுக்குள் போக என்னால் முடியவில்லை, வாசலோடு திரும்பிவிட்டேன். நான் திரி கொளுத்தியது என்னுடைய ரோசத்துக்கு. அதைத்தான் இத்தனை வருடமும் பூப்போட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்துவிடு. அறை இருக்கிறது.

அண்ணா


மாளிகாவத்தை
01.04.2025

அன்புள்ள அண்ணா,

பௌஸியின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். அவருடைய மனைவி நிம்றா எனக்கு ஒரு அறையை ஒழித்துத் தந்திருக்கிறாள். நோன்பு முடிந்து பெருநாள் கொண்டாடுகிற வீட்டுக்குள் நான் ஒரு மூலையில். நேரே உன்னிடம் வந்திருக்கலாம். உன் முகத்தைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

ஞாயிறு அவர்கள் கேட்டதைச் சொல்லத்தான் எழும்பினேன். உன் கடிதத்தை வாசித்த பிறகும் அப்படித்தான் எழும்பினேன். மைக்கைப் பிடித்த பிறகு முன்வரிசையில் யதுஷாவைக் கண்டேன். கன்னம் ஒட்டி, உதடு காய்ந்து, மடியில் தண்ணீர்ப் போத்தல். குடித்து முடிக்க முடிக்கத் தாய் இன்னொன்றைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். சீனி ஏறினவர்களின் தாகம் எனக்குத் தெரியாதா?

"பாஸ்டருக்குச் சீனி இருந்தது. ஊசி போட்டவர். நான்தான் போட்டனான். அவருக்குத் தெரியும். ஊசி போடேக்க சேர்ட்டைத் தூக்கிப் பிடிச்சது அவற்ற கைதான். யதுஷா, பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். அவ்வளவுக்குள் மைக்கை நிறுத்திவிட்டார்கள். கத்தினேன். யாரோ பாட்டைத் தொடங்க, எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். உமாசுதன் என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். ஒரு கிழவி என்மேல் துப்பினாள். போன வருடம் அவளுடைய புண்ணுக்கு மருந்து கட்டினவள் நான். அதொன்றும் எனக்கு நோகவில்லை. சொல்லிவிட்டேன் என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

நேற்று யதுஷாவின் வீட்டுக்குப் போனேன். தாய் திட்டுவாள், கதவைச் சாத்துவாள் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகத்தான் போனேன். தாய் கதவைத் திறந்து உள்ளே விட்டாள். கால் அழுகியது, நான் கழுவியது, அத்தர் பூசியது, படியைத் துடைத்தது, ஒன்றும் விடாமல் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

ஹோலுக்குள் இவருடைய படம். பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டு, கீழே சின்னதாக ஒரு மின்விளக்கு. மேடை ஏறும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

என் இரண்டு கையும் எழும்பிக் கூப்பிக்கொண்டன, அண்ணா. நான் எழுப்பவில்லை. "தோத்திரம் பாஸ்டர்" என்று வாயும் சொல்லிவிட்டது. தலையும் குனிந்தது. அவர் மேடை ஏறும்போது முதல் ஆளாக எழும்பி நின்று கை கூப்புகிறவள் நான்தான், இத்தனை வருடமும். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எழும்புவார்கள். அந்தச் சனத்தைப் பற்றி உனக்கு எவ்வளவு எழுதினேன், என்னவோ நான் தள்ளி நின்று பார்த்தவள் மாதிரி.

நிமிர்ந்தபோது யதுஷா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா அம்மா" என்றாள். "மண்டபத்தில கதைச்சது நீங்கள் இல்லையெண்டு எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் சிரிக்கிறாள். காலைப் பற்றிச் சொன்னேன், சிரித்தாள். செத்துப்போவாய் பிள்ளை என்று அழுதேன், என் கண்ணைத் துடைத்துவிட்டாள். என்னை அனுப்பிவைக்க எழும்பியவள் இரண்டு அடி வைக்க முந்தியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாய் ஓடிவந்து, படத்துக்கு முன்னால் வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடிக்கக் கொடுத்தாள்.

இரவு ஜெபம் பண்ணிப் பார்த்தேன். கண்ணை மூடி ஆண்டவரே என்றால் இவருடைய முகம்தான் வருகிறது. வேறு முகம் எனக்குத் தெரியவில்லை.

நான் திரும்பவும் அங்கே போனால் அவளுடைய விசுவாசம்தான் கூடும். நீ போ. அந்த வீட்டில் உன்னை ஒருவருக்கும் தெரியாது. உன்னை யாரும் கும்பிட்டதில்லை, நீயும் அந்தப் படத்தைக் கும்பிட்டதில்லை. உன் ஊசியைக் கொண்டு போ, அவளுக்கு முன்னால் இருந்து போட்டுக் காட்டு, பயமாக இருக்கிறது என்று சொல்லு, வாழ ஆசையாக இருக்கிறது என்று சொல்லு. கேட்காவிட்டால் தூக்கிக்கொண்டாவது போ. வீடு பௌஸிக்குத் தெரியும். இதை உன்னிடம் தந்துவிட்டு அவர் வெளியே நிற்பார்.

இப்போதே வெளிக்கிடு, அண்ணா.

ஜெசி